ஓய்வுக்காலம் காஞ்சிபுரத்தில்: ஊர் திரும்பும் வெளிநாட்டுத் தமிழர்கள் விமானம் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

வைகாசி பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் கருட சேவை. விடியற்காலையில் சின்ன காஞ்சிபுரத்தின் வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் நியூஜெர்சியில் இருந்தும், சிங்கப்பூரில் இருந்தும், துபாயில் இருந்தும் விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் கட்டாயம் இருக்கும். தரிசனம் முடிந்து, கோயில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, பட்டுக் கடைக்குப் போகும் வழியில் யாராவது ஒருவர் சொல்லுவார்: "ரிட்டையர் ஆனதும் இங்கேயே வந்து செட்டில் ஆயிடணும்."

சொல்வது எளிது. ஆனால் 25, 30 வருடம் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு 60 வயதுக்கு மேல் ஒரு கோயில் நகரத்தில் குடியேறுவது என்பது வீடு மாறுவது போன்ற விஷயம் கிடையாது. எந்த பாஸ்போர்ட், எந்த மாதத்தில் திரும்புவது, பென்ஷன் எப்படி வரும், வாங்கும் மனை யாருடையது, நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் எந்த மருத்துவமனை என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கின்றன. இதில் பலவற்றுக்கு ஊருக்கு வந்த பிறகு பதில் தேடினால் தாமதமாகிவிடும். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

ஏன் காஞ்சிபுரம்?

சென்னையில் இருந்து சுமார் 75 கி.மீ. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஊருக்கு அருகிலேயே செல்கிறது. செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் ரயில் வசதியும் உண்டு. ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், வரதராஜர், கைலாசநாதர் என ஒரு ஆட்டோ பயணத்துக்குள் அடங்கிவிடும் பெரிய கோயில்கள். மாசியில் காமாட்சிக்கு, பங்குனியில் ஏகாம்பரநாதருக்கு, வைகாசியில் வரதராஜருக்கு என வருடம் முழுக்க விழாக்கள். 2015-ல் மத்திய அரசு பாரம்பரிய நகர மேம்பாட்டுக்குத் தேர்ந்தெடுத்த 12 நகரங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. 2021-ல் நகராட்சி மாநகராட்சியாகவும் ஆனது.

சென்னையைவிட அமைதி, ஆனால் சென்னை கைக்கு எட்டும் தூரத்தில். ஓய்வுக்காலத்தைத் திட்டமிடுபவர்களுக்கு இந்த ஊர் பிடித்துப் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2019-ல் அத்தி வரதர் வைபவம் 48 நாட்கள் நடந்தபோது சுமார் ஒரு கோடி பேர் இந்த ஊருக்கு வந்தார்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டுக்கே சுற்றிப் போக வேண்டிய நிலை. அத்தி வரதர் இனி 2059-ல்தான் வெளியே வருவார். ஆனால் சிறிய அளவில் இந்த நெரிசல் ஒவ்வொரு பெரிய விழாவிலும், முகூர்த்த மாதங்களில் பட்டு வாங்க வரும் கூட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும். விடுமுறையில் பத்து நாள் பார்க்கும் ஊர் வேறு, மே மாத வெயிலில் மின்வெட்டோடு பார்க்கும் ஊர் வேறு.

மெக்சிகோவுக்குப் போகும் அமெரிக்கர்களும், ஊர் திரும்பும் தமிழர்களும்

ஓய்வுக்காலத்துக்காக நாடு மாறுவது உலகம் முழுக்க நடக்கிறது. பெரிய உதாரணம் மெக்சிகோ. சபாலா ஏரிக்கரையில் உள்ள அஹிஹிக், மலை நகரமான சான் மிகேல் தே அயெந்தே போன்ற இடங்களில் அமெரிக்க, கனடிய ஓய்வூதியர்கள் பல பத்தாண்டுகளாகக் குடியேறி வருகிறார்கள். குறைந்த செலவு, இதமான தட்பவெப்பம், திருவிழாக்கள், பழைமையான கட்டடங்கள் என அவர்கள் சொல்லும் காரணங்கள் காஞ்சிபுரத்தைத் தேர்வு செய்பவர்கள் சொல்வதைப் போலவே இருக்கும்.

இரண்டு பெரிய வேறுபாடுகள் இருக்கின்றன. முதலாவது, குறிப்பிட்ட அளவு வருமானமோ சேமிப்போ காட்டும் வெளிநாட்டவருக்கு மெக்சிகோ தற்காலிகக் குடியிருப்பு அனுமதி தருகிறது. 4 ஆண்டுகளுக்குப் பிறகு அதை நிரந்தரமாக மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவில் ஓய்வூதியர்களுக்கென்று தனி விசாவே கிடையாது. இரண்டாவது, மெக்சிகோ போகும் அமெரிக்கர் தன்னை வெளிநாட்டவர் என்று தெரிந்தே போகிறார். காஞ்சிபுரம் வரும் தமிழர் "சொந்த ஊருக்குத்தானே போறோம்" என்ற நினைப்பில் வருகிறார். ஆனால் கையில் இருப்பது அமெரிக்க பாஸ்போர்ட் என்றால் சட்டத்தின் கண்ணில் அவரும் வெளிநாட்டவர்தான். பிரச்சினை தொடங்குவது இங்கேதான்.

பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது?

ஊர் திரும்புபவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, இந்திய பாஸ்போர்ட்டை விடாதவர்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானோர் இந்த வகை. அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் இருப்பவர்களும் இதில் வருவார்கள். இவர்களுக்குக் குடியுரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒரு வருடத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் அந்த கார்டையே இழக்கும் ஆபத்து உண்டு. முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி வாங்கினால் 2 ஆண்டு வரை அவகாசம் கிடைக்கும். 'இங்கே கொஞ்ச நாள், அங்கே கொஞ்ச நாள்' என்று திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வகை, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள். 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, ஒருவர் விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்த நேரத்திலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இவர்களுக்கு இருக்கும் வழி ஓ.சி.ஐ. கார்டு. 2006 முதல் வழங்கப்படுகிறது. 2015 ஜனவரியில் பழைய பி.ஐ.ஓ. கார்டும் இதனுடன் இணைக்கப்பட்டது.

ஓ.சி.ஐ. இருந்தால் ஆயுள் முழுக்க விசா தேவையில்லை. எத்தனை வருடம் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டாம். வீடு வாங்கலாம், வங்கிக் கணக்கு வைக்கலாம். ஆனால் ஓட்டுப் போட முடியாது. அரசு வேலையோ அரசியலமைப்புப் பதவியோ கிடையாது. விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு வாங்க முடியாது. 2021 மார்ச் அறிவிப்பின்படி ஆராய்ச்சி, பத்திரிகைப் பணி, மதப் பிரசாரம் போன்றவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். ஓய்வுக்காலத்தில் காஞ்சிபுரம் கோயில் கல்வெட்டுகளை ஆராய்ச்சி செய்யலாம் என்று கனவு காண்பவர்களுக்கும் இது பொருந்தும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றாலும், 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனாலும் கார்டை ரத்து செய்யலாம்.

அதாவது, ஓ.சி.ஐ. என்பது பெயரில் குடியுரிமை, உண்மையில் நீண்டகால விசா. இந்த வித்தியாசம் கீழே வரும் பல விஷயங்களில் எதிரொலிக்கும்.

மூன்றாவது வகை, இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டவர்கள். கணவன் அல்லது மனைவி தமிழர் என்றால், திருமணம் பதிவாகி 2 ஆண்டு ஆன பிறகு ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்கலாம். அப்படி எந்தத் தொடர்பும் இல்லாதவர்களுக்கு வழி மிகக் குறைவு. சுற்றுலா விசாவில் பொதுவாக ஒரே தடவையில் 180 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. ஆரோவில்லில் நீண்ட காலம் வாழும் வெளிநாட்டவர்கள் அதற்கான தனி விசாவில்தான் இருக்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் கொரியர்களும் ஜப்பானியர்களும் வேலைக்கான விசாவில் வந்தவர்கள். வேலை முடிந்ததும் திரும்ப வேண்டியதுதான்.

எந்த மாதம் திரும்புவது? வரியில் என்ன மாற்றம்?

இதுதான் பலர் கோட்டை விடும் இடம். இந்தியாவில் வருமான வரி குடியுரிமையைப் பார்ப்பதில்லை, நீங்கள் எத்தனை நாள் இங்கே இருந்தீர்கள் என்பதையே முக்கியமாகப் பார்க்கிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஆண்டில் 182 நாட்கள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் நீங்கள் வரிச் சட்டப்படி இந்திய குடியிருப்பாளர். குடியிருப்பாளர் என்றால் உலகம் முழுக்க வரும் வருமானத்துக்கு இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும்.

ஆனால் நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்புபவர்களுக்கு இடையில் ஒரு சலுகைக் காலம் உண்டு. இதை ஆர்.என்.ஓ.ஆர். என்கிறார்கள். முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு குடியிருப்பாளராக இல்லாமல் இருந்திருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாட்கள் அல்லது அதற்குக் குறைவாக மட்டுமே இந்தியாவில் இருந்திருந்தாலோ இந்த நிலை கிடைக்கும். இந்தக் காலத்தில் வெளிநாட்டில் வரும் வட்டி, வாடகை, பங்கு லாபம் போன்றவற்றுக்கு இந்தியாவில் வரி இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த நிலை தொடர்கிறது.

ஒரு உதாரணம் பார்க்கலாம். 25 வருடம் அமெரிக்காவில் இருந்த ஒருவர் 2026 ஜூனில் காஞ்சிபுரம் வந்து தங்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2026-27, 2027-28 என இரண்டு ஆண்டுகள் அவருக்குச் சலுகை கிடைக்கும். அதற்குப் பிறகு பெரும்பாலும் முடிந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் வீட்டை விற்பது, பங்குகளை விற்பது போன்ற பெரிய முடிவுகளை இந்தக் காலத்துக்குள் எடுப்பதும், அது முடிந்த பிறகு எடுப்பதும் வரியில் லட்சக்கணக்கில் வித்தியாசத்தை ஏற்படுத்தலாம். திரும்பும் மாதத்தைச் சற்று முன்பின் மாற்றினாலே இந்தச் சலுகைக் காலம் கூடவோ குறையவோ வாய்ப்பு உண்டு. டிக்கெட் போடும் முன் ஒரு ஆடிட்டரைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

வங்கிக் கணக்கிலும் கவனம் தேவை. நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கியிடம் சொல்லி, என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காகவோ, ஆர்.எஃப்.சி. எனப்படும் வெளிநாட்டு கரன்சிக் கணக்காகவோ மாற்ற வேண்டும். "வட்டிக்கு வரி இல்லையே, அப்படியே இருக்கட்டும்" என்று விட்டால் அது அந்நியச் செலாவணி விதிமீறல். ஆர்.எஃப்.சி. கணக்கின் வட்டிக்கு ஆர்.என்.ஓ.ஆர். காலம் முடியும் வரை வரி கிடையாது. வெளிநாட்டில் வாழ்ந்தபோது வாங்கிய வீடு, பங்கு, டெபாசிட்டுகளைத் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் விற்க வேண்டியதில்லை.

பென்ஷன் இங்கே வருமா?

எந்த நாட்டில் வேலை பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்கா: சோஷியல் செக்யூரிட்டி தொகையை அமெரிக்கக் குடிமக்கள் இந்தியாவில் இருந்தபடியே பெறலாம். இரு நாடுகளின் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி அதற்கு அமெரிக்காவில் மட்டுமே வரி. 401-கே போன்ற ஓய்வூதியக் கணக்குகளில் சேரும் வருமானத்துக்கு, பணத்தை எடுக்கும் ஆண்டில் வரி கட்டும் வசதியை இந்தியா அளித்துள்ளது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாட்டுக் கணக்குகளுக்கு இது பொருந்தும். அதற்கான படிவத்தை உரிய நேரத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமக்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அமெரிக்காவிலும் ஆண்டுதோறும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தெரிவிக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் உள்ள சேமிப்புக் கணக்கும் அதில் சேரும்.

பிரிட்டன்: அரசு ஓய்வூதியம் இந்தியாவுக்கு வரும். ஆனால் உயராது. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் தொகை கூடும். இந்தியாவில் வாழ்பவர்களுக்கு முதலில் நிர்ணயித்த தொகையே தொடரும். 65, 70 வயதில் தெரியாத இந்த இழப்பு 85 வயதில் பெரிதாகத் தெரியும்.

வளைகுடா: அங்கு வேலை பார்த்த வெளிநாட்டவர்களுக்கு மாதாந்தர அரசு ஓய்வூதியம் கிடையாது. வேலை முடியும்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடைதான். அந்தப் பணம் முழுவதையும் ஊரில் வீடு கட்டுவதில் போட்டுவிட்டு, மாதச் செலவுக்குப் பிள்ளைகளை எதிர்பார்க்கும் நிலை பல குடும்பங்களில் நடக்கிறது. வீடு இருக்கும், வருமானம் இருக்காது. மூன்று வகையினரிலும் அதிகக் கவனமாகக் கணக்குப் போட வேண்டியவர்கள் இவர்கள்தான்.

வீடு வாங்கும் முன்: காஞ்சிபுரத்துக்கே உரிய நான்கு சிக்கல்கள்

ஒன்று, கோயில் நிலம். பெரிய கோயில்களைச் சுற்றியுள்ள பகுதிகளில் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமான மனைகள் ஏராளம். அதன் மேல் வீடு மட்டும் தனியாருடையதாக இருக்கும். இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி உரிய அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்க முடியாது. அப்படிப்பட்ட நிலத்தைப் பத்திரப் பதிவு செய்வதற்கும் பதிவுச் சட்டத்தில் தடை இருக்கிறது. "நாலு தலைமுறையா இங்கேதான் இருக்கோம் சார்" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மனை அவருடையது ஆகிவிடாது. பட்டா யார் பெயரில் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு, தொல்லியல் துறையின் எல்லை. கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள் உள்ளிட்ட கோயில்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. இத்தகைய சின்னங்களின் எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். பழைய வீட்டை வாங்கி இடித்துவிட்டு லிஃப்ட் வைத்த வீடு கட்டலாம் என்று கணக்குப் போடுபவர்கள் டேப்பை எடுத்து அளந்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.

மூன்று, பரந்தூர். காஞ்சிபுரத்துக்கு அருகே பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 5,000 ஏக்கருக்கும் அதிகமான நிலம் தேவைப்படும் திட்டம் இது. ஏகனாபுரம் உள்ளிட்ட கிராம மக்கள் நீண்ட காலமாகப் போராடி வருகிறார்கள். இந்தப் பெயரைச் சொல்லி சுற்றுவட்டாரத்தில் மனைகள் விற்கப்படுகின்றன. மனைக்கு நகர ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா, திட்டம் ரெரா ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா, நிலம் கையகப்படுத்தும் பட்டியலில் வருகிறதா என்று மூன்றையும் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஆவணத்தில் இன்னும் விவசாய நிலமாக இருந்தால் ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் அதை வாங்கவே முடியாது.

நான்கு, பவர் பத்திரம். வெளிநாட்டில் இருந்தபடியே உறவினருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்து வீடு வாங்குவது வழக்கம். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும். வாங்க, விற்க, அடமானம் வைக்க என எல்லா அதிகாரத்தையும் மொத்தமாகக் கொடுக்காமல், எந்த வேலைக்கோ அதற்கு மட்டும் கொடுப்பது பாதுகாப்பு. உறவு கெடாமல் இருக்கவும் அதுவே நல்லது.

முதியோருக்கான குடியிருப்புத் திட்டங்களில் சேர நினைப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வீடு சொந்தமா, குத்தகையா? டெபாசிட் திரும்பக் கிடைக்குமா? தம்பதியில் ஒருவர் இறந்தால் மற்றவரின் கட்டணம் என்ன? படுக்கையில் விழுந்தாலோ மறதி நோய் வந்தாலோ அங்கேயே பார்த்துக்கொள்வார்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நள்ளிரவில் நெஞ்சு வலித்தால்?

ஓய்வுக்காலத்தின் மிகப் பெரிய செலவு மருத்துவம். காஞ்சிபுரத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளும் உண்டு. ஆனால் சிக்கலான இதய, நரம்பியல் சிகிச்சைகளுக்குப் பலர் சென்னைப் பக்கம்தான் போகிறார்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டிய நேரம் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள். ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி நெரிசலில் அந்த நேரம் எப்படிக் கரையும் என்பது அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். எனவே வீடு தேடும்போது கோயில் எத்தனை நிமிடம் என்று பார்ப்பதற்கு முன், சி.டி. ஸ்கேனும் 24 மணி நேர மருத்துவரும் உள்ள மருத்துவமனை எத்தனை நிமிடம் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்க மெடிகேர் பொதுவாக இந்தியாவில் செல்லாது. அதன் 'பி' பகுதியை நிறுத்திவிட்டுப் பிறகு மீண்டும் சேர்ந்தால், சேராமல் இருந்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10% கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டி வரலாம். பிரிட்டனின் இலவச மருத்துவமும் அங்கே வசிப்பவர்களுக்குத்தான்.

எனவே இந்திய மருத்துவக் காப்பீடு அவசியம். 2024 ஏப்ரல் முதல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் புதிய பாலிசி எடுக்க வழி செய்யப்பட்டுள்ளது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 3 ஆண்டு என்று குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் ஊருக்கு வந்த பிறகு பாலிசி எடுத்தால் அந்த 3 ஆண்டும் கைக்காசைத்தான் செலவழிக்க வேண்டி வரும். வெளிநாட்டில் இருக்கும்போதே, திரும்புவதற்கு 3 ஆண்டுக்கு முன்பே எடுத்துவிட்டால் வந்து இறங்கும் நாளில் காத்திருப்புக் காலம் முடிந்திருக்கும். இந்தத் தொகுப்பில் இருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

முதுமையில் சட்டப் பாதுகாப்பு

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கிடைக்க வழி உண்டு. பார்த்துக்கொள்வதாகச் சொல்லி சொத்தை எழுதி வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், 23-வது பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கோரலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் வழக்கு எளிதாகும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் வரையறைப்படி 'மூத்த குடிமகன்' என்பவர் 60 வயது நிறைந்த இந்தியக் குடிமகன். பாஸ்போர்ட் மாறிய ஓ.சி.ஐ. பெற்றோர், உறவினர் பெயரில் சொத்தை எழுதும் முன் வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தியாவில் உள்ள சொத்துக்குத் தனியாக ஒரு உயிலும் எழுதி வைக்கலாம். உதவி தேவைப்படும் முதியோர் 14567 என்ற எண்ணில் அழைக்கலாம்.

உள்ளூர் மக்களுக்கு என்ன நடக்கும்?

2025 ஜூலையில் மெக்சிகோ நகரில் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். டாலரில் சம்பாதிக்கும் வெளிநாட்டவர்கள் வந்து குவிவதால் வாடகை ஏறி, தாங்கள் பிறந்த தெருவிலேயே வாழ முடியவில்லை என்பது அவர்களின் கோபம்.

காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு நிலை இன்று இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இந்த ஊருக்கும் பொருந்தும். பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டு நெய்யப்படுவது பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளின் வீடுகளில்தான். தறி போட நீளமான கூடம் வேண்டும். பாவை நீட்டிக் கட்டத் தெரு வேண்டும். கோர்வை முறையில் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் இணைத்து நெய்ய, பக்கத்தில் உட்கார இன்னொரு ஆள் வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஏற்கெனவே தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். தறி வீடு விலைக்குப் போய் அடுக்குமாடி ஆகும்போது ஒரு வீடு மட்டும் போவதில்லை. அதோடு ஒரு தறியும் போகிறது.

மறுபக்கம், ஓய்வூதியர்கள் வந்தால் செவிலியர், பராமரிப்பாளர், ஓட்டுநர், சமையல் என உள்ளூரிலேயே வேலைகளும் உருவாகும். நல்ல மருத்துவமனைகள் வந்தால் அது ஊருக்கே பயன். வருபவர்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நேரடியாகப் புடவை வாங்கினால், சும்மா கிடக்கும் பழைய வீட்டை இடிக்காமல் செப்பனிட்டு வாழ்ந்தால், ஊரும் வாழும்.

சரி, என்னதான் செய்யலாம்?

திரும்புவதற்கு 3 ஆண்டுக்கு முன்: மருத்துவக் காப்பீடு, ஓ.சி.ஐ. கார்டு, பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்று.

ஒரு ஆண்டுக்கு முன்: எந்த மாதம் திரும்புவது என்று ஆடிட்டருடன் கணக்கு. வெளிநாட்டுச் சொத்துகளில் எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்ற முடிவு.

வந்த பிறகு: வங்கிக்குத் தகவல். ஆதார் விண்ணப்பம். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் வந்ததும் விண்ணப்பிக்கலாம், ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்கள் 12 மாதத்தில் 182 நாட்கள் தங்கிய பிறகு.

வீடு: முதல் ஒரு வருடம் வாடகை. ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு பிரம்மோற்சவம் மூன்றையும் பார்த்துவிட்டுப் பிறகு வாங்கலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகும் மீதி இருப்பது தனிமை. பேரக் குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில் இங்கே நள்ளிரவு. கூடப் படித்தவர்கள் பலர் ஊரில் இல்லை. தெருவில் முகம் தெரிந்தவர்கள் குறைவு. 30 வருடம் கழித்து வருபவருக்கு ஊர் தானாகத் திரும்பக் கிடைத்துவிடாது. காலையில் கோயிலுக்குப் போகும் வழியில் பூக்காரரிடம் நின்று பேசுவது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது, நூலகத்தில் உறுப்பினராவது என்று முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். 62 வயதில் அதைச் செய்ய முடியும். 78 வயதில், துணையை இழந்த பிறகு, முதல் தடவையாக ஆரம்பிப்பது கடினம். "இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும்" என்று தள்ளிப்போடுபவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் அதுதான்.